நண்டு வளையும் நரம்புக் குழலும்: மூளை–பேரண்டப் படத்தின் பின்னணி

ஒரு பக்கம் நியூரான் என்னும் மூளை நரம்புச் செல், மறுபக்கம் பேரண்டம். இரண்டும் ஒரே இழையால் பின்னப்பட்டவை போலத் தோன்றும். கீழே ‘அண்டத்தில் உள்ளதே பிண்டத்தில்’ என்று ஒரு வரி. வாட்ஸ்அப் குழுக்களில் பல ஆண்டுகளாகச் சுற்றிவரும் இந்தப் படம், அண்டவியல் பற்றியோ மூளை பற்றியோ செய்தி வரும்போதெல்லாம் மறுபடி தலைகாட்டுகிறது. ‘பேரண்டம் ஒரு மூளை என்று விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்’ என்ற தலைப்பும் கூடவே ஒட்டிக்கொள்கிறது. அப்படி யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் இரண்டையும் அளந்து ஒப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்டது என்ன, அதற்கு எவ்வளவு பொருள் கொள்ளலாம் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

படம் எங்கிருந்து வந்தது

இந்த ஒப்பீட்டைப் பரவலாக்கியது 2006இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வெளியான ஒரு சோடிப் படம். இடப்பக்கத்தில் இருந்தது எலி மூளையின் நியூரான்களை நுண்ணோக்கி வழியே எடுத்த படம். வலப்பக்கத்தில் இருந்தது பேரண்டத்தின் புகைப்படம் அல்ல. விர்கோ என்ற ஆய்வுக் கூட்டமைப்பு கணினியில் உருவாக்கிய மாதிரி. பேரண்டத்தை வெளியே நின்று படமெடுக்க இடம் கிடையாது. பொருள் எவ்வாறு திரண்டிருக்கும் என்று ஈர்ப்பு விதிகளைக் கொண்டு கணக்கிட்டு, அந்த விடைக்கு நிறம் தீட்டினார்கள். இரண்டு படங்களையும் ஒரே அளவில் வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததில் ஒற்றுமையின் பாதி பிறந்துவிட்டது.

மறுபாதி அப்படித் தள்ளிவிடக்கூடியது அல்ல.

அளந்தவர்கள் அளந்தது என்ன

2020 நவம்பரில் பொலோன்யா பல்கலைக்கழகத்தின் வானியற்பியலாளர் பிராங்கோ வாட்சாவும் வெரோனா பல்கலைக்கழகத்தின் நரம்பு அறுவை மருத்துவர் அல்பெர்டோ ஃபெலெட்டியும் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மனித மூளையின் மேலடுக்கான புறணியிலும் சிறுமூளையிலும் எடுத்த மெல்லிய துண்டுகளின் நுண்ணோக்கிப் படங்களை, பேரண்டக் கணினி மாதிரியின் துண்டுகளோடு அவர்கள் ஒப்பிட்டார்கள். ஒப்பீடு மூன்று வகையில் அமைந்தது.

1. எண்ணிக்கை. மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நியூரான்கள் உள்ளன. நமக்கு எட்டக்கூடிய பேரண்டத்தில் விண்மீன் திரள்கள் 10,000 கோடிக்கு மேல் இருக்கலாம். இரண்டும் ஒரே பருமனில் உள்ள எண்கள். இதைத் தற்செயல் என்று விட்டுவிடுவதே நல்லது.

2. திறன் நிறமாலை. ஆய்வாளர்கள் பவர் ஸ்பெக்ட்ரம் என்று சொல்வது இது. ஒரு படத்தில் பெரிய கட்டிகள் எவ்வளவு, நடுத்தரக் கட்டிகள் எவ்வளவு, பொடிப்பொடியானவை எவ்வளவு என்று அளவு வாரியாகப் பிரித்துக் காட்டும் கணக்கு. சல்லடைகளை அடுக்கி வைத்து மணலைச் சலித்து, ஒவ்வொரு சல்லடையிலும் நின்றதை எடை போடுவதற்கு ஒப்பானது. சிறுமூளைத் துண்டில் 1 மைக்ரோமீட்டரிலிருந்து 0.1 மில்லிமீட்டர் வரையிலான ஏற்ற இறக்கமும், பேரண்ட வலையில் 50 லட்சம் ஒளியாண்டிலிருந்து 50 கோடி ஒளியாண்டு வரையிலான ஏற்ற இறக்கமும் ஒரே விதமாகச் சரிந்தன. மரக்கிளைகள், நீர்ச்சுழல் போன்றவற்றையும் அவர்கள் சோதித்தார்கள். அவை இவ்வாறு பொருந்தவில்லை. ஆய்வின் வலுவான பகுதி இதுதான்.

3. இணைப்புகள். படத்தில் அடர்த்தியான இடங்களைக் கணுக்கள் என்று குறித்து, ஒவ்வொரு கணுவுக்கும் அருகில் எத்தனை கணுக்கள் உள்ளன என்று எண்ணினார்கள். பேரண்ட வலையில் சராசரி 3.8 முதல் 4.1, மூளைப் புறணியில் 4.6 முதல் 5.4.

மூன்றாவது எண்தான் அதிகம் பகிரப்படுகிறது. எனவே அங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

நாலைந்து இணைப்பு: குளங்களிடம் கேட்போம்

ஒரு நியூரானுக்கு நான்கைந்து இணைப்புகள்தாம் உண்டு என்று இந்த எண்ணைப் படித்தால் பெரும் பிழையாகிவிடும். புறணியில் ஒரு நியூரான் சினாப்ஸ் எனப்படும் ஆயிரக்கணக்கான சந்திப்புகள் வழியே பிற நியூரான்களோடு பேசுகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகமும் கூகுளும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட வரைபடத்தில், ஒரு கன மில்லிமீட்டர் அளவே உள்ள மனித மூளைத் துண்டில் ஏறக்குறைய 57,000 செல்களும் 15 கோடி சினாப்ஸ்களும் இருந்தன. வாட்சாவும் ஃபெலெட்டியும் எண்ணியது சினாப்ஸ்களை அல்ல, பக்கத்தில் இருப்பவற்றை. பக்கத்தில் இருப்பதெல்லாம் இணைப்பு ஆகாது.

இனி, இந்த நான்கும் ஐந்தும் எவ்வளவு அரிய எண்கள்? தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஒன்றான சுத்தமல்லியிலிருந்து பிரிகிறது நெல்லைக் கால்வாய். அதில் தொடங்கி ஒவ்வொரு குளமாகப் பார்த்துக்கொண்டு போனால், ஒரு குளத்துக்கு நீர் வரும் வரத்துக்கால் ஒன்று, மிகைநீர் வெளியேறும் மறுகால் ஒன்று, வயலுக்கு நீர் விடும் மடை இரண்டோ மூன்றோ இருக்கும். கூட்டினால் நான்கு அல்லது ஐந்து. குளங்கள் சிந்திக்கின்றன என்று திருநெல்வேலிச் சீமையில் யாரும் சொன்னதில்லை. இடத்தில் பரந்து கிடக்கும் எந்த வலையிலும், ஒரு கணு தன் அக்கம்பக்கத்தை மட்டுமே தொடும் என்றால், சராசரி இணைப்பு இப்படி ஒற்றை இலக்கத்தில்தான் நிற்கும். அந்த எண் வலையின் உள்ளடக்கத்தைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. அது இடத்தில் பரந்த வலை என்பதைத்தான் சொல்கிறது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இது: முடிந்த வடிவங்கள் ஏன் ஒத்திருக்கின்றன என்பதைவிட, அவை உருவான விதத்தில் பொதுவாக ஏதாவது உண்டா? உண்டு. அதற்கும் குளத்தங்கரைக்கே போகலாம்.

நிலையின்மை: நண்டு வளை உடைப்பாவது எப்படி

கோட்பாட்டு இயற்பியலில் ‘நிலையின்மை’ என்று ஒரு சொல் உண்டு. ஒரு சிறு வேறுபாடு தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் நிலையை அது குறிக்கும்.

குளம் நிரம்பி நிற்கிறது. கரை நெடுக ஒரே உயரம், ஒரே மண். ஓரிடத்தில் மட்டும் ஒரு நண்டு வளை. அதன் வழியே விரல் தடிமனில் நீர் கசிகிறது. கசியும் நீர் மண்ணை அரிக்கிறது. அரிப்பால் வழி பெரிதாகிறது. வழி பெரிதானதால் இன்னும் வேகமாக நீர் பாய்கிறது. சாக்கு மூட்டை போடப் போனவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் கரை விட்டுவிடும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் குளங்கள் உடைந்ததைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதில் இன்னொரு பாதியும் உண்டு. அதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஓரிடத்தில் உடைப்பு விழுந்தவுடன் குளத்தின் நீர்மட்டம் இறங்குகிறது. அதனால் கரையின் பிற இடங்களில் இருந்த அழுத்தம் குறைந்து, அங்கே இருந்த சிறு கசிவுகள் பெரிதாகாமல் நின்றுவிடுகின்றன. அருகில் ஊக்கம், தொலைவில் தடை. ஆலன் டியூரிங் 1952இல் உயிர்களின் உருவமைப்பு பற்றி எழுதிய கட்டுரையில், பரவும் வேகத்தில் வேறுபடும் இரண்டு வேதிப்பொருள்கள் சீரான ஒரு பரப்பில் தாமாகவே புள்ளிகளையும் வரிகளையும் உண்டாக்க முடியும் என்று கணக்கில் காட்டினார். 1972இல் கீரரும் மைன்ஹார்ட்டும் அதை ‘அருகில் ஊக்கம், தொலைவில் தடை’ என்ற விதியாகத் தெளிவுபடுத்தினார்கள்.

பேரண்டம்: சீரானதிலிருந்து வலைக்கு

பேரண்டத்தின் வயது ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டுகள். அது பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகள் கழித்து முதன்முறையாக ஒளி தடையின்றி ஓடத் தொடங்கியது. அந்த ஒளியே இன்று நுண்ணலைகளாக வானமெங்கும் நிறைந்திருக்கிறது. பென்சியாசும் வில்சனும் 1965இல் அறிவித்த பின்னணிக் கதிர்வீச்சு அதுதான். அதன் வெப்பநிலை எல்லாத் திசையிலும் 2.7 கெல்வின். முற்றிலும் சமமா என்றால் இல்லை. கோபே செயற்கைக்கோள் 1992இல் காட்டியபடி, லட்சத்தில் ஒரு பங்கு ஏற்ற இறக்கம் இருந்தது. ஒரு கிலோமீட்டர் ஆழமுள்ள நீர்ப்பரப்பின் மேல் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு அலை எழுந்தால் எவ்வளவு இருக்குமோ, அவ்வளவுதான்.

அந்த ஒரு சென்டிமீட்டர்தான் நண்டு வளை. சற்று அடர்த்தி கூடிய இடம் ஈர்ப்பால் மேலும் பொருளை இழுத்தது. இழுத்ததால் ஈர்ப்பு கூடியது. இந்த நிலையின்மையை ஜேம்ஸ் ஜீன்ஸ் 1902ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டிருந்தார். சாதாரணப் பொருள் மட்டும் இருந்திருந்தால் காலம் போதாது. ஏனெனில் அது முதல் 3,80,000 ஆண்டுகள் ஒளியோடு ஒட்டிக்கிடந்து திரள முடியாமல் தவித்தது. ஒளியோடு உறவே இல்லாத இருண்ட பொருள் முன்கூட்டியே திரண்டு பள்ளம் வெட்டி வைத்திருந்ததால், பிறகு சாதாரணப் பொருள் அதற்குள் வழிந்தது. திரளும்போது எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் சுருங்காது என்று 1970இல் செல்டோவிச் காட்டினார்: முதலில் தோசை போலத் தட்டையாகும், பிறகு இழையாகும், இழைகள் சந்திக்கும் இடம் கணுவாகும். பொருள் வற்றிப்போன நடுப்பகுதி வெற்றிடமாகும். பேரண்ட வலை என்பது இதுவே.

அந்த முதல் ஏற்ற இறக்கம் எங்கிருந்து வந்தது? குவாண்டம் விதிகளின்படி எந்தப் புலமும் முழு அமைதியில் இருக்க முடியாது. பேரண்டம் பிறந்த கணத்தில் நடந்த திடீர் விரிவு அந்த நுண்ணிய நடுக்கத்தை வானளவுக்கு இழுத்துவிட்டது என்பது பெரும்பாலான அண்டவியலாளர்கள் ஏற்கும் விளக்கம். நேரடிச் சான்று இன்னும் தேடப்படுகிறது.

கருவில்: தகட்டிலிருந்து மடிப்புக்கு

கருத்தரித்த மூன்றாவது வாரத்தில் கருவின் முதுகுப்பக்கத்தில் ஒரு தட்டையான செல் தகடு தடிக்கிறது. இதற்கு நரம்புத் தட்டு என்று பெயர். அதன் நடுவில் பள்ளம் விழுந்து, இரு விளிம்புகளும் எழும்பி, ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொள்ளும்போது நரம்புக் குழல் உருவாகிறது. பாத்தியின் இரு வரப்புகள் மேலெழுந்து ஒன்றுசேர்ந்து கால்வாயை மூடிவிட்டதாக எண்ணிக்கொள்ளலாம். தலைப்பக்கத் துளை ஏறக்குறைய 25ஆம் நாளும், வால்பக்கத் துளை 28ஆம் நாளுக்குள்ளும் மூடிக்கொள்கின்றன.

குழலில் உள்ள ஒரு செல், தான் தசையை இயக்கும் நரம்பாக வேண்டுமா, உணர்வுச் செய்தியைக் கடத்தும் நரம்பாக வேண்டுமா என்று எப்படி அறிகிறது? பனைவிளையில் பதநீர் காய்ச்சும் குடிசையிலிருந்து எழும் வாசனையைக் கொண்டு, கண்ணைக் கட்டிவிட்டாலும் அடுப்பு எவ்வளவு தூரம் என்று ஒருவர் சொல்லிவிடலாம். செல்லும் அப்படித்தான். குழலுக்கு அடியில் இருக்கும் முதுகுநாண் என்ற செல் கம்பி ‘சோனிக் ஹெட்ஜ்ஹாக்’ என்ற புரதத்தைச் சுரக்கிறது. (பெயர் வீடியோ விளையாட்டுப் பாத்திரத்திலிருந்து வந்தது, உயிரியலாளர்களுக்கு விளையாட்டுப் புத்தி உண்டு.) அதன் செறிவு அடியில் மிகுதி, மேலே போகப் போகக் குறைவு. மேல்புறத்திலிருந்து வேறு புரதங்கள் எதிர்த் திசையில் பரவுகின்றன. இரண்டு ‘வாசனை’களும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதே செல்லுக்கு முகவரி. பேரண்டத்தில் இதற்கு இணையாக எதுவும் இல்லை.

மூளையின் மேற்பரப்பில் உள்ள மடிப்புகளின் கதை வேறு; அங்கே இயற்பியல் வெளிப்படையாகவே வருகிறது. கல்லிடைக்குறிச்சியில் காயப்போட்ட அப்பளத்தைக் கூர்ந்து பார்த்தால், மேல்முகம் முதலில் உலர்ந்து சுருங்குவதும், அடிமுகம் இன்னும் ஈரமாக நீண்டிருப்பதும், அந்தப் பொருத்தமின்மையைத் தாங்க முடியாமல் தகடு விளிம்பில் சுருண்டெழுவதும் தெரியும். மூளையில் நடப்பது இதன் மறுதலை: வெளிப்புறணி வேகமாகப் பரந்து வளர்கிறது, உள்ளே இருக்கும் பகுதி அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. இடம் போதாத புறணி நெளிந்து மடிகிறது. இதுவும் ஒரு நிலையின்மைதான். சென்னை ஐஐடியில் படித்து ஹார்வர்டில் பணியாற்றும் எல். மகாதேவனும் அவருடைய குழுவினரும் 2016இல் இதைக் கையால் செய்தே காட்டினார்கள். 22 வாரச் சிசுவின் மூளை வடிவத்தில் ஒரு ஜெல் உருண்டை வார்த்து, அதன் மேல் இன்னொரு ஜெல் பூசி, கரைப்பானில் போட்டார்கள். மேற்பூச்சு ஊறி வீங்கியபோது உண்மையான மூளையில் இருப்பது போன்ற மேடுகளும் பள்ளங்களும் எழுந்தன. மரபணு எதுவும் இல்லாத ஜெல் இது.

மரபணுவுக்கு வேலையே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. புறணி எவ்வளவு வேகமாக, எங்கே தடிமனாக வளர வேண்டும் என்பதை மரபணுக்களே முடிவு செய்கின்றன. நியூரான்கள் உரிய இடத்துக்கு நகர்ந்து செல்லும் வேலை மரபணுப் பிழையால் தடைப்பட்டால், மடிப்புகள் இல்லாத வழவழப்பான மூளையோடு குழந்தை பிறக்க நேரிடும்.

எங்கே பிரிகின்றன

1. எது திரும்ப வரும்? பேரண்டக் கோட்பாடு விண்மீன் திரள்களின் பெருங்கொத்துகள் இத்தனை இருக்கும் என்று சொல்லும். இந்தக் கொத்து இந்தத் திசையில் இருக்கும் என்று சொல்லாது. மூளையில் அப்படி இல்லை. நெற்றிப்பகுதியையும் உச்சிப்பகுதியையும் பிரிக்கும் நடுப்பள்ளம், பாளையங்கோட்டையில் பிறந்த குழந்தைக்கும் பாரிசில் பிறந்த குழந்தைக்கும் ஒரே இடத்தில்தான் விழும். சிறு மடிப்புகள் மட்டும் ஒரே கரு இரட்டையர்களிடையேகூட வேறுபடும். பேரண்டத்தில் புள்ளியியல் மட்டுமே மீள்கிறது. மூளையில் வரைபடமே மீள்கிறது. என் மதிப்பீட்டில் இரண்டுக்கும் இடையிலான முதன்மையான வேறுபாடு இதுவே. பகிரப்படும் பதிவுகளில் இதைப் பற்றி ஒரு சொல்கூடக் காண்பதில்லை.

2. கழித்தல். மூளை தேவைக்கு மேல் சினாப்ஸ்களை உண்டாக்கி, பயன்படாதவற்றைப் பிள்ளைப் பருவத்திலும் பதின்ம வயதிலும் நீக்குகிறது. பேரண்டம் எதையும் தேர்ந்தெடுத்து நீக்குவதில்லை.

3. செய்தி போகும் நேரம். மூளையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சமிக்ஞை போக ஒரு விநாடியின் சிறு பகுதி போதும். பேரண்ட வலையில் 50 கோடி ஒளியாண்டு அகலமுள்ள ஒரு பகுதியை ஒளியே ஒரு முறை கடக்க 50 கோடி ஆண்டுகள் வேண்டும். 1,380 கோடியை 50 கோடியால் வகுத்தால், தொடக்கம் முதல் இன்றுவரை அந்தத் தூரத்தை இருபத்தேழு முறை கடந்திருக்கலாம். பேரண்டம் விரிவதைக் கணக்கில் எடுத்தால் அதுவும் இல்லை. இருபத்தேழு சொல்லில் என்ன சிந்தனை நடக்கும்?

4. இருண்ட ஆற்றல். அது பேரண்ட விரிவை வேகப்படுத்துவதால் பெரிய அளவில் வலை பின்னப்படுவது இப்போது தளர்ந்துவருகிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 2020இல் மின்னசோட்டா பல்கலைக்கழக இயற்பியலாளர் விட்டலி வான்சுரின், பேரண்டம் முழுவதையும் அடிப்படையில் ஒரு ‘நியூரல் நெட்வொர்க்’ ஆகக் கருதலாமா என்று ஒரு கட்டுரை எழுதினார். அங்கே நியூரல் நெட்வொர்க் என்பது கணினி கற்றலில் பயன்படும் கணித அமைப்பு. நம் மண்டைக்குள் இருக்கும் திசு அல்ல. அது ஒரு முன்மொழிவு மட்டுமே. மேலே சொன்ன அளவீட்டு ஆய்வுக்கும் அதற்கும் தொடர்பில்லை. செய்தித் தலைப்புகள்தாம் இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிட்டன.

வீட்டுக்கு வந்து சேரும் விளைவு

பேரண்டப் பகுதி நம் அன்றாட வாழ்வில் எதையும் மாற்றப்போவதில்லை. கருப் பகுதி மாற்றும்.

நரம்புக் குழல் 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது என்றோம். மாதவிடாய் தள்ளிப்போய், சந்தேகப்பட்டு, சோதித்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து, மாத்திரை கைக்கு வருவதற்குப் பெரும்பாலும் அந்த நாட்கள் கடந்துவிடும். குழல் முழுதாக மூடாவிட்டால், தலைப்பக்கம் என்றால் மூளையும் மண்டையோடும் உருவாகாமல் போகும். முதுகுப்பக்கம் என்றால் முதுகெலும்பு பிளந்து தண்டுவடம் பாதிக்கப்படும். பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் கழகம் 1991இல் வெளியிட்ட சோதனையில், முன்பு இத்தகைய கரு உண்டாகியிருந்த பெண்கள் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டபோது மறுபடி அது நேர்வது 72 விழுக்காடு குறைந்தது. நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது இதனால்தான். முன்பு பாதிப்பு இருந்தவர்களுக்கு அளவு கூடும். அதை மருத்துவர் முடிவு செய்வார். வளைகாப்பு நேரத்தில் தொடங்கும் மாத்திரை இரத்தசோகைக்கு உதவும், குழலுக்கு உதவாது.

மடிப்புகள் உருவாகும் இரண்டாவது மும்மாதத்தைப் பற்றிய நல்ல வரைபடம் ஒன்று நம் பக்கத்திலேயே உருவாகியிருக்கிறது. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் சிசு மூளையின் 5,132 வெட்டுத்துண்டுப் படங்களை வெளியிட்டது. அந்தத் தொகுப்புக்கு வைத்த பெயர் ‘தரணி’. மூளைக்கு உலகத்தின் பெயர். இணையத்தில் கட்டணமின்றித் திறந்து பார்க்கலாம். கொக்கிரகுளம் அறிவியல் மையத்தின் வாசலில் நிற்கும் ஒரு பிளஸ் டூ மாணவி தன் கைப்பேசியிலேயே, 14 வாரத்து மூளையின் வழவழப்பான விளிம்பையும், 24 வாரத்து மூளையில் இறங்கத் தொடங்கிவிட்ட பள்ளங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க முடியும்.